ஓர் ஆள் சூடு

தனியாக வருகிறவனுக்கு அந்த ஏரிக்கரையில் இடமில்லை என்பது விதி. அந்த விதியை உடைப்பதற்காகத்தான் அறுபது கடந்த வயதில் நான் லடாக் மேட்டு நிலத்துக்குப் போனேன்.

விதிக்குக் காரணம் எங்கள் சுவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் மாசானமுத்து ஐஸ் கம்பெனி என்றால் தெரியாத படகு கிடையாது. என் தகப்பனார் மாசானமுத்து, குளிரை உள்ளே பூட்டிவைக்கச் சுவர் செய்தவர். நான் அதே சுவரைக் கொண்டு குளிரை வெளியே நிறுத்தினேன். பேனலின் வயிற்றுக்குள், குளிர் தடுக்கும் பஞ்சுக்கு உள்பக்கமாக, ஒருவகை மெழுகு இருக்கிறது. அறையில் இருப்பவர்களின் உடம்புச் சூட்டை வாங்கி அது இளகும். குளிர் ஏறும்போது இறுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். அடுப்பு, டீசல், மின்கம்பி எதுவும் தேவையில்லை. அந்தக் கரையில் எதையும் எரிக்கக் கூடாது என்று ஊரார் முடிவெடுத்த பிறகு, பனிக்காலத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு எங்கள் குடில்கள் மட்டுமே மிஞ்சின. பனி தொடங்கும்போது கொண்டுபோய்ப் பூட்டுவோம். ஆடுகள் மேய்ச்சலுக்கு வருமுன் கழற்றி எடுத்துவிடுவோம். தரையில் ஒரு சுவடும் மிஞ்சக் கூடாது. ஒரு பனிக்காலத்திலும் மிஞ்சியதில்லை.

ஆனால் ஒரு குடில் சூடாக இருக்க இரண்டு பேர் வேண்டும். மனித உடம்பு ஒரு பழைய நூறு வாட் பல்பு அளவுக்குத்தான் சூடு தரும். ஒற்றை ஆளின் சூடு அந்தக் குளிருக்குக் காணாது. ஆகவே தனியாக வருகிறவர்களுக்குச் சுற்றுலாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். துணையாள் என்று ஒருவனைக் கூலிக்கு அமர்த்திக் குடிலின் மூலையில் உட்காரவைத்தார்கள். அவன் பேசக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது. சூடாக இருந்தால் போதும்.

அப்படி ஒருவனிடம் ஒருமுறை வேலை கஷ்டமா என்று கேட்டேன்.

"கஷ்டமே இல்லை ஐயா," என்றான் இந்தியில். "அவர்கள் அழும்போது மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாது."

எங்கள் பெயர் பொறித்த சுவருக்குள் ஒரு மனிதனை விறகாக அடுக்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அப்பாவிடம் வேலை பழகிய ஆட்களைக் கூட்டி, என் கண் முன்னாலேயே ஒற்றை ஆள் குடில் ஒன்று செய்வித்தேன். சின்ன அறை, கனத்த சுவர். ஒருவன் தன் சொந்தச் சூட்டில், எவன் தயவும் இல்லாமல் இருக்கலாம்.

ஊர்த் தலைவர் நோர்பு அதைச் சுற்றிவந்து பார்த்தார். நிதானமான மனிதர்.

"காகிதம் எதுவும் காட்ட வேண்டாம். நீங்களே இந்தப் பனிக்காலம் முழுவதும் இதில் தனியாக இருங்கள். கழற்றும் நாளில் ஊர்க் கூட்டம் இங்கேயே நடக்கும். உங்கள் உடம்புச் சூடு போதுமாக இருந்ததா என்று கேட்பேன். ஆம் என்று நீங்கள் சொன்னால் அடுத்த பனிக்கு இந்தக் கரை முழுவதும் ஒற்றை ஆள் குடில்கள். உங்கள் சொல் போதும்."

என் சொல் போதும் என்று ஒரு மனிதர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காத விஷயமும் அங்கே இருந்தது. முகாமின் வெப்பப் பொறியாளராக, என் குடிலுக்கு அடுத்த குடிலில் இருந்தவள் பிரமசக்தி. என் உடன்பிறந்த தங்கை.

ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்து இரண்டு பேருக்குக் கண் போனபோது விசாரணை நடந்தது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். பிரமு எழுந்து நின்று, வால்வு பழசு என்றும், தெரிந்தேதான் அப்பா மெஷினை ஓட்டச் சொன்னார் என்றும் சாட்சி சொன்னாள். அவள் சொன்னது பொய் என்று நான் எங்கும் சொன்னதில்லை. ஆனால் பெற்றவர் பெயரைப் பேப்பரில் ஏற்றிய வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன், கை நனைக்க மாட்டேன் என்று அப்பாவின் பதினாறாம் நாள் உறவு எல்லாம் கேட்கச் சொன்னேன். சொன்னபடி இருந்தேன். அவளுடைய புருஷன் இறந்த துக்கத்துக்குப் போனபோதும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

குடில் பூட்டிய அன்று அவள் ஒரு குழாய்ச் சுருளோடு வந்தாள். முகாமின் குடில்களை அவள் குழாயால் ஒன்றோடொன்று கோத்திருந்தாள். உறையாத தண்ணீர் அதில் ஓடும். ஆள் நிறைந்த குடிலின் மிச்சச் சூடு ஆள் குறைந்த குடிலுக்குப் போகும். பூட்டுகிறவர்களின் தலைவன் கிளிட்டஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். தூத்துக்குடிக்காரன். ஐஸ் கம்பெனியில் சேர்ந்து மீசை நரைத்தவன்.

"கிளிட்டஸ், ஒத்த ஆள் கேபினுக்கு எதுக்கு ஓஸுன்னு கேளு," என்றேன்.

"அவசரத்துக்குன்னு சொல்லு கிளிட்டஸ். தரைக்கு அடியில வாயை மட்டும் மாட்டி மூடி வச்சிருவோம். தொறக்கவே வேண்டாம்."

"அடுத்தவ சூட்டுல குளிர் காயணும்னா நான் எதுக்கு இம்புட்டு தூரம் வந்தேன்? ஓஸைச் சுருட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"வாய் எல்லா கேபின்லயும் இருக்கு, அதை ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லு. பேனல்ல ஃபாயில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்காவன்னு கேளு."

"எங்க அப்பா ஒட்டுன பக்கந்தான்னு சொல்லு."

"ஐயோ, அது ஐஸ் ரூமுக்குல்லா! இங்க—"

"எனக்கு ஐஸ் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்னு சொல்லு. அப்பா பேரைக் கெடுத்தது ஒரு தடவை போதும்."

கிளிட்டஸ் இடுப்பில் கைவைத்துக் குனிந்துகொண்டான். "யண்ணாச்சி, ரெண்டு பேரும் மூணடி தூரத்துல நிக்கிய. நடுவுல நான் என்ன ரேடியோப் பொட்டியா? இங்க மூச்சு விடவே காத்து காங்கல. நீங்க ரெண்டு பேரும் பேசுத பேச்சுக்கும் சேத்து நானே மூச்சு வாங்க வேண்டியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பிரமு குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

தனிமை எனக்குப் புதிதல்ல என்றுதான் நினைத்திருந்தேன். மனைவி போனபின் ஊரில் ஒரு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகத்தான் இருக்கிறேன். ஆனால் அங்கே காக்கை உண்டு, மீன் வண்டியின் ஹாரன் உண்டு. இங்கே ஜன்னல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்கு வெளியே உறைந்த ஏரி. எழுந்தால் பாயின் சத்தம், உட்கார்ந்தால் நாற்காலியின் சத்தம், மற்றபடி என் மூச்சு. சில நாள் யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கும். கிளிட்டஸ் ரொட்டி கொண்டுவரும்போது கொஞ்சம் அதிகமாகவே அதட்டிப் பேசிவிடுவேன். அவனும் புரிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்று திட்டு வாங்கிப் போவான்.

குடில் தாங்கியது. அதைச் சொல்ல வேண்டும். முதலில் நன்றாகவே தாங்கியது.

கிறிஸ்துமஸ் பூசைக்காகக் கிளிட்டஸ் தன் ஆட்களோடு லே நகரத்துக்கு இறங்கினான். பனிப்புயல் எச்சரிக்கை வந்திருந்ததால் பயணிகள் யாரும் இல்லை. அவன் போன பிறகு கணவாய் மூடிக்கொண்டது. புயல் வந்தது. அந்தக் கரையில் நானும் அவளும் மட்டும், ஆளுக்கொரு குடிலில்.

காற்று அடிக்க அடிக்கச் சுவர் என்னிடமிருந்து விலகிப்போவது போலிருந்தது. கை வைத்தால் முன்பிருந்த இதம் இல்லை. சுவரோரம் வைத்திருந்த குவளையில் தண்ணீரின் மேல் ஆடை கட்டியது. இருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டேன். அப்பாவின் சுவர் தோற்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாய் விட்டுச் சொன்னேன். வேறு யாரும் சொல்ல இல்லை.

மதிய வெளிச்சம் இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றேன். அந்தக் கரையில் வேறு யார் இருக்க முடியும்?

"நாந்தான்." காற்றில் குரல் கிழிந்து வந்தது. "கதவைத் தொறங்க. இறவாரத்துல ஐஸ் தொங்குது."

எத்தனையோ வருஷம் கழித்து அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நான் எழுந்தேன். தாழ்ப்பாள் வரை போனேன்.

"எதுவா இருந்தாலும் கிளிட்டஸ் வந்த பொறவு அவன்கிட்ட சொல்லு," என்றேன்.

பிறகு அவள் காலடி குடிலைச் சுற்றியது. தரைக்கு அடியில் ஏதோ உரசியது. அடித்தளத்தில் பனி சேராமல் வாருகிறாள் என்று நினைத்தேன். அது அவள் வேலை.

அதன்பின் அவள் குடிலிலிருந்து ஒரு சத்தம் தொடங்கியது. டக்... டக்... டக்... சுத்தியலால் எதையோ அடிப்பது போல. காற்று ஓயும் இடைவெளியில் எல்லாம் கேட்டது. தூங்கி எழுந்தாலும் கேட்டது. இந்தப் புயலிலும் இவளுக்கு என்ன வேலை, மனிதரை நிம்மதியாக இருக்க விடுகிறாளா என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் ஒரு வகையில் துணையாகவும் இருந்தது. சத்தம் நின்றால் காது அதைத் தேடியது.

எனக்குக் குளிர் குறைந்தது. தரையிலிருந்து மெல்ல இதம் ஏறிச் சுவர் தேறியது. குவளையில் ஆடை உடைந்தது. மாசானமுத்துவின் சுவர் என்றால் சும்மாவா என்று எனக்கு மார்பு விரிந்தது. அப்பாவின் படம் கொண்டுவராமல் போனோமே என்று தோன்றியது.

புயல் ஓய்ந்து கிளிட்டஸ் மேலேறி வந்தான். பிரமுவின் இடது கையில் அதன்பின் எப்போதும் ஒரு தடித்த கம்பளி உறை இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கும் முறையில் நாங்கள் இல்லை.

ஏரியின் விளிம்பு இளகத் தொடங்கியதும் கழற்றும் வேலை ஆரம்பமானது. என் குடிலைத்தான் முதலில் கழற்றச் சொன்னேன். ஒரு பேனலை இரண்டு பேர் அலட்டிக்கொள்ளாமல் தூக்குவார்கள். அன்று நான்கு பேர் பிடித்தும் அது தரையைவிட்டு எழவில்லை.

"என்ன அண்ணாச்சி, உள்ள சீலா மீனு அடுக்கி வச்சிருக்கியளா?" என்றான் கிளிட்டஸ்.

ஓரத் தகட்டைத் திருகிக் கழற்றினான். பஞ்சு இருக்க வேண்டிய இடம் முழுவதும் வெள்ளைப் பனிக்கட்டி. கத்தி போட்டால் ஏறவில்லை.

"எப்பிடிடா இது?" என்றேன். "மழை கிடையாது, ஒழுகல் கிடையாது. தண்ணி எங்கயிருந்து வந்துச்சு?"

கிளிட்டஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க விட்ட மூச்சுதான் அண்ணாச்சி. மனுச மூச்சுல ஈரம் உண்டுல்லா. அந்த ஈரம் சுவருக்குள்ள போகாமத் தடுக்கத்தான் ஃபாயில். ஐஸ் ரூம்ல சூடு வெளிய இருக்கும், அதனால ஃபாயிலை வெளிப் பக்கம் ஒட்டுவோம். கேபின்ல சூடு உள்ள. ஃபாயில் உள்பக்கம் இருந்திருக்கணும். நம்ம பயலுவ கைப்பழக்கத்துல பெரியவரு ஒட்டுன மாதிரியே ஒட்டிட்டானுவ. மூச்சு பூரா சுவருக்குள்ள போயி உறைஞ்சிட்டு. பஞ்சு நனைஞ்சா சுவரு செத்த மாதிரி. சூடு வெளிய ஓடும். கூரைப் பனி உருகி இறவாரத்துல தொங்கும்."

ஒரு பனிக்காலம் முழுவதும் யாரோடும் சேராமல் நான் விட்ட மூச்சு, நான்கு ஆள் தூக்க முடியாத கனத்தில் அங்கே கிடந்தது.

சுவர் செத்துவிட்டதென்றால் நான் எப்படி உயிரோடு நிற்கிறேன்? கேள்வி எழுந்தபோதே நான் தரைப் பலகையை நெம்பத் தொடங்கியிருந்தேன். அடியில், மூடியிருக்க வேண்டிய வாயில் ஒரு குழாய் முறுக்கியிருந்தது. உறை போடாத, வெறும் குழாய். அவசரத்தில் பூட்டியது. முறுக்கின இடத்தில், வெறும் கையால் உறைந்த உலோகத்தைத் தொட்டவர்களின் தோல் ஒட்டியிருக்குமே, அப்படி ஒரு கறுத்த துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. குழாய் தரையோடு அடுத்த குடிலுக்குப் போனது; இன்றுவரை அதை யாரும் கழற்றவில்லை.

பிரமு அங்கே இல்லை. நான் அவள் குடிலுக்குள் நுழைந்தேன். வாசலைத் தாண்டிவிட்டதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. மூலையில் ஒரு கைப்பம்பு. குழாய்த் தண்ணீரைச் சுற்றவைக்கும் மோட்டார் சூரியத் தகடுகளில் ஓடும்; தகடுகளைப் பனி மூடினால் கையால் அடிக்க அது இருக்கும். அதன் கைப்பிடியை ஒருமுறை அமுக்கினேன்.

டக்.

எங்கள் மெழுகு ஒரு நாளும் முழுதாக ஆறக் கூடாது. முழுதாக ஆறிவிட்டால் வெடித்துத் துண்டு துண்டாகும். பிறகு இளகினாலும் பழையபடி ஒட்டாது. சுவரைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். நான் அவளுடைய சுவரைத் தட்டினேன். உள்ளே கலகலவென்று உதிர்ந்தது. அடுத்த பேனலைத் தட்டினேன். அதுவும். நான்கு சுவரும், கூரையும். தன் சுவரில் இருந்த சூட்டைக் கடைசிச் சொட்டு வரை இறைத்து எனக்கு அனுப்பிவிட்டு, குளிர்ந்த அறையில் பம்பு அடித்து அடித்தே அவள் உடம்பைக் காப்பாற்றியிருக்கிறாள்.

நான் கதவைத் திறந்திருந்தால் ஒரு குடிலில் இரண்டு பேர். இரண்டு பேருக்குப் போதும். அது எங்கள் கம்பெனியின் கணக்கு. நானே போட்ட கணக்கு.

வெளியே வந்தபோது கிளிட்டஸ் காத்திருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. கூட்டத்துக்கு ஆள் வர இன்னும் பொழுது இருக்கு. பேனலை எல்லாருமாச் சேந்து அந்த மேட்டுக்குப் பின்னால இழுத்துட்டுப் போயி வெயில்ல சாச்சு வச்சிரலாம். எல்லாம் உருகி ஓடிரும். அடுத்த தடவை ஃபாயிலை மாத்தி ஒட்டுவோம், சரியாப் போச்சு. நம்ம வீட்டு விஷயம். யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்."

"கேட்டுட்டேன். 'அவிய பேரு, அவிய வாக்கு. இந்த வாட்டி நான் வாயைத் தொறக்க மாட்டேன்'னு சொல்லச் சொன்னாவ."

அவள் வாயைத் திறந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுத்துப் பேசியிருப்பேன்.

ஃபாயிலை மாற்றினால் ஒற்றை ஆள் சூடு போதுமா? போதலாம். போதாமலும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது என்பது மட்டும் அந்த வெயிலில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த பனியில் முகம் தெரியாத ஒருவன், என் சொல்லை நம்பி, என் தகப்பன் பெயர் பொறித்த சுவருக்குள் தனியாகப் படுப்பான். அவனுக்குப் பக்கத்தில் பம்பு அடிக்க யார் இருப்பார்கள்?

"மேட்டுக்குப் பின்னால வேண்டாம்," என்றேன். "முன்னால வை. தகட்டைத் தொறந்தே வை."

ஊரார் வந்து அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். பிரமு கடைசியில், பெண்களோடு. நோர்பு எழுந்து என்னைக் கேட்டார்.

"உங்கள் உடம்புச் சூடு உங்களுக்குப் போதுமாக இருந்ததா?"

நான் நிமிர்ந்துதான் நின்றேன். "இல்லை," என்றேன். "எங்கள் சுவர் தோற்றுவிட்டது. தப்பு என் கம்பெனியுடையது, என்னுடையது. நான் பிழைத்தது என் தங்கை சூட்டில். ஒற்றை ஆள் குடிலை இந்தக் கரையில் அனுமதிக்காதீர்கள்."

கிளிட்டஸ் பெருமூச்சு விட்டது கேட்டது. நோர்பு பேனலருகில் போய்ப் பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு குடில்களும் நின்ற இடங்களை நோக்கி நடந்தார். சுவடு இருக்கக் கூடாதல்லவா? நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

சுவடு இருந்தது. அந்த வெறும் குழாய் கிடந்த தடத்தில் பனி முன்னமே கரைந்து, மண் நெகிழ்ந்து, விரல் அகலத்துக்குப் புல் கிளம்பியிருந்தது. சுற்றிலும் பழுப்பு நிலம். அவள் இடத்திலிருந்து என் இடம் வரை ஒரே ஒரு பச்சைக் கோடு.

"இது ஒப்பந்தத்துக்கு மாறானது," என்றேன். "ஆளை வைத்துக் கொத்திச் சரிசெய்கிறேன்."

"வேண்டாம்," என்றார் நோர்பு. "ஆடுகள் பார்த்துக்கொள்ளும்."

கூட்டம் கலைந்தது. ஆட்கள் பேனல்களை வண்டியில் ஏற்றினார்கள். பிரமு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, வலது கையால் மட்டும் தன் சாமான்களை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பிளாஸ்கும் தண்ணீர்க் கேனும்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

"கிளிட்டஸ்," என்றேன். "எனக்கு ஒரு வாய் தண்ணி கிடைக்குமான்னு கேளு."

அவன் தோளில் ஒரு பேனலின் முனையோடு நின்று எங்கள் இருவரையும் பார்த்தான். "நீங்களே கேளுங்க அண்ணாச்சி. எனக்குச் சுமக்கதுக்கு இதுவே போதும்," என்று நடந்துவிட்டான்.

காற்று இல்லை. ஏரியில் எங்கோ பனி விண்டது. கூப்பிட்டுப் பல காலம் ஆன பெயர் உடனே வாயில் வரவில்லை.

"பிரமு," என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. கம்பளி உறை போட்ட கையால் கேனை அணைத்துக்கொண்டு, மூடியைத் திருகினாள்.

"சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா?" என்றாள்.